விமானத்துக்கு பிரேக் தேடி கூத்தாநல்லூர் வரை

ஒரத்தநாடு பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மடியில் வயர் கூடை. கூடைக்குள் தேங்காய்ப்பூத் துண்டில் சுற்றி ஒரு விமானத்தின் பிரேக். பக்கத்தில் இருந்த அம்மா, "பலகாரமா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். இல்லையென்றால் ஊர் வந்து சேரும் வரைக்கும் விளக்கம் சொல்ல வேண்டும். நானாக யாரிடமும் பேச்சுக் கொடுக்கிற வழக்கம் எனக்குக் கிடையாது. அப்படிப்பட்டவள்தான் அந்த வாரம் மூணு நாளும் ஊர் ஊராகப் போய்ப் பேச வேண்டியிருந்தது.

என் மகள் தமிழரசி வல்லத்துக்குப் பக்கத்தில் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் லேப் பார்க்கிறாள். அங்கே ஷெட்டில் ஒரு பழைய விமானம் நிற்கிறது. ரெண்டு பேர் உட்காரலாம். இறக்கையெல்லாம் துணி போர்த்திச் சாயம் அடித்தது. எங்கேயோ கழித்துப் போட்டதைக் காலேஜ் வாங்கி வந்து, நிறுத்தி, அப்படியே மறந்துவிட்டது. தமிழரசி மறக்கவில்லை. ஆறு வருஷமாக அதோடுதான் கிடக்கிறாள். இன்ஜினை ஓட வைத்துவிட்டாள். அது பறக்க வேண்டியதில்லை. தரையில் ஓடி, சொன்ன இடத்தில் நின்றால் போதும். பிள்ளைகள் கையால் தொட்டுப் படித்துக்கொள்ளலாம்.

ஓடியது. நிற்கவில்லை. அதுதான் சங்கதி.

விமான பிரேக்குக்கு ஊற்றுகிற சிவப்பு ஆயில் குறைந்துபோன ஒரு நாள், காலேஜ் பஸ் டிரைவர் ராஜாக்கண்ணு உதவி செய்கிறேன் என்று பஸ்ஸுக்கு ஊற்றுகிற பிரேக் ஆயிலை இதிலும் ஊற்றிவிட்டார். "பிரேக் ஆயில்னா பிரேக் ஆயில்தானேம்மா" என்று பிறகு என்னிடம் வந்து அழுதார். ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் ஒரு ரப்பர் வளையம் உண்டு. ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்க்கக் கையில் ஒரு பட்டை கட்டுவார்களே, அந்த மாதிரி. உள்ளே ஆயில் போனால் உப்பி, சக்கரத்தைப் பிடிக்கும். ஆயில் மாறியதில் ரெண்டு வளையமும் ஊறிக் கெட்டுப்போய், ஒன்று கிழிந்தது. சரிவில் விமானம் தானாக நகர, தமிழரசி ஓடிப்போய்ப் பிடித்து இழுத்திருக்கிறாள். சக்கரம் வலது காலில் ஏறிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எலும்பு ரெண்டாகிவிட்டது.

காலேஜ் நிர்வாகம் முடிவாகச் சொல்லிவிட்டது. வெள்ளிக்கிழமை ஒரு பெரியவர் பார்வையிட வருகிறார். அவர் முன்னால் ஓடி நின்றால் வைத்துக்கொள்ளலாம். நிற்காவிட்டால் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, கேட்டுக்குப் பக்கத்தில் தூண் எழுப்பி அதன்மேல் வைத்துவிடுவார்கள். போட்டோ எடுத்துக்கொள்ள நன்றாக இருக்கும் என்றார்களாம்.

தமிழரசி வெளிநாட்டுக்காரன் ஒருவனிடம் போனில் பேசினாள். அவன் இங்கிலீஷில் சொன்னதை எனக்குச் சொன்னாள்: "இந்த வளையம் செய்யறதை நிறுத்தி ரொம்ப நாளாச்சு. தேடிப் பாக்கறேன். கிடைச்சா ரெண்டு மாசம்." அன்றைக்குத் திங்கட்கிழமை.

"நான் போய்ப் பாத்துட்டு வரேன்" என்றேன்.

"எங்கம்மா?"

"ஒரத்தநாடு. அங்க இல்லாத ரப்பர் வேலையா?"

அவள் சிரித்தாள். கட்டுப்போட்ட கால் அசைந்து வலித்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தாள். அப்புறம் இருமல் மருந்து பாட்டிலைக் கழுவி, அதில் சிவப்பு ஆயில் ஊற்றிக் கொடுத்தாள். "யாரு என்ன கொடுத்தாலும் சின்னதா ஒரு துண்டு நறுக்கி இதுல போட்டுரு. மறுநாள் பாரு. உப்பியிருந்தா வேணாம்." உப்புத் தண்ணீரில் விதைநெல்லைப் போட்டுப் பதர் பிரிக்கிற வேலை மாதிரிதான். அது எனக்குத் தெரியாததா.

செவ்வாய்க்கிழமை கிளம்பினேன். வல்லத்துச் செம்மண்ணும் முந்திரி மரமும் தாண்டி, தஞ்சாவூரில் பஸ் மாறி, கொஞ்ச தூரம் போனதுமே ரோட்டின் ஒரு பாதி நெல்லாக இருந்தது. குறுவை அறுப்பு முடிந்து காய வைத்திருக்கிறார்கள். நெல்லின்மேல் ஏறாமல் டிரைவர் வளைத்து வளைத்து ஓட்டினார். ஒரு இடத்தில் வைக்கோல் மேலே சக்கரம் பட்டு பஸ் வழுக்கியது. எல்லாரும் முன்னால் சரிந்தோம். கண்டக்டர், "வைக்கோல்ல பிரேக் பிடிக்காதுய்யா, மெதுவாப் போ" என்றார். இத்தனை வருஷம் பஸ்ஸில் போயிருக்கிறேன், பிரேக்கை நினைத்ததே இல்லை. அன்றைக்கு ஒவ்வொரு தடவை பஸ் நிற்கும்போதும் நன்றாக நிற்கிறதா என்று கவனித்தேன்.

ஒரத்தநாட்டில் ரெண்டு டிராக்டர் சாமான் கடையில் விரித்துக் காட்டினேன். முதல் கடைக்காரர் அது பம்புசெட் வாஷரா என்றார். ரெண்டாவது கடைக்காரர் டயர் ஒட்டுகிற முருகையனைப் போய்ப் பார்க்கச் சொன்னார். முருகையன் கடையில் கருகிய ரப்பர் வாடை. கிழிந்த வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த லாரிக்காரர் நிமிர்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

முருகையன் மட்டும் ஆச்சரியப்படவில்லை. "அதுவும் சக்கரம்தானே. சாயங்காலம் வாங்க" என்றார். லாரி டியூப்பை அறுத்து, ஒட்டி, வேக வைத்து, சாயங்காலம் மாதிரிக்கு ஒரு வளையம் கையில் கொடுத்தார். பார்க்க அவ்வளவு அழகு. பழையதன்மேல் வைத்தால் எது எது என்று தெரியாது. அவர் முன்னாலேயே ஒரு துண்டு நறுக்கிப் பாட்டிலில் போட்டேன். "நம்பிக்கை இல்லையா ஆயா?" என்று கேட்டார். "உங்க மேல இருக்குங்க. ரப்பர் மேலதான் இல்ல" என்றேன். சொல்லிவிட்டு எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

நாத்தனார் வீடு பக்கத்துத் தெருதான். வயல் நண்டு இடித்து ரசம் வைத்திருந்தாள். நண்டு ரசத்துக்கு அவள் கையை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது, வாய்க்கும் அப்படித்தான்.

"ஏன் அண்ணி, ஏரோபிளேனுக்கு பிரேக்கு எதுக்கு? மேல போயி எந்த ஸ்டாப்பிங்ல நிறுத்தப் போறீங்க?"

"எறங்குனப்பறம் நிக்க வேணாமா?"

"உங்க மக ஏறுனதே இல்லயே, எங்கேருந்து எறங்க?"

ரசத்தை இன்னொரு டம்ளர் வாங்கிக் குடித்தேன்.

புதன்கிழமை காலையில் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தேன். துண்டு ஊறப்போட்ட மொச்சை மாதிரி உப்பிப்போயிருந்தது. நகத்தால் அழுத்தினால் பிய்ந்தது. முருகையன் கடை திறக்கும் முன்பே போய் நின்றேன். அவரிடம் பாட்டிலை நீட்டினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர் முகம் சுருங்கிவிட்டது. தான் செய்த வளையத்தை வாங்கிப் பழைய டியூப் குவியலில் எறிந்தார்.

"கூத்தாநல்லூர்ல ஒரு பாய் இருக்காரு. ஏரோபிளேன் பாய்னா தெரியும். காருக்கு ரப்பர் மாத்த வந்தப்ப என்னைய அரை மணி நேரம் திட்டுனாரு. எந்த ரப்பருக்கு எந்த எண்ணெய்னு தெரியாம கடை போட்டிருக்கியேன்னு. அவருகிட்டப் போங்க. என் பேரைச் சொல்லாதீங்க."

மன்னார்குடி பஸ் பாதி வழியில் உஸ்ஸென்று ஒரு சத்தம் போட்டு ஓரமாக நின்றுவிட்டது. பிரேக்குக்குப் போகிற காற்று இறங்கிவிட்டதாம். எனக்குச் சிரிப்பு வந்தது. கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கீழே இறங்கினேன். வாய்க்காலில் தண்ணீர் கரை தொட்டு ஓடியது. அந்தப் பக்கம் சம்பா நாற்றங்காலுக்கு மடை திறந்து விட்டுக்கொண்டிருந்தார்கள். வல்லத்தில் குழாயில் தண்ணீர் வரும் நாளைக் காலண்டரில் குறித்து வைக்கிறோம். இங்கே ரோட்டை விட உயரத்தில் தண்ணீர் போகிறது. இத்தனைக்கும் ரெண்டும் ஒரே ஜில்லா.

அடுத்த பஸ்ஸுக்கு நிற்கப் பொறுமை இல்லை. காலி சாக்கு ஏற்றிக்கொண்டு வந்த ஷேர் ஆட்டோவில் ஏறிக்கொண்டேன். மன்னார்குடியில் மாறி, கூத்தாநல்லூரில் இறங்கும்போது மத்தியானத் தொழுகைக்கு பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு மளிகைக் கடையில் போய் நின்று, எப்படிக் கேட்பது என்று யோசித்து, கால் கிலோ சீனி வாங்கினேன். அப்புறம்தான் வாய் வந்தது. கடைக்காரரே கூட ஆள் அனுப்பி வீட்டைக் காட்டச் சொன்னார்.

பெரிய வீடு. வாசல் கதவுக்கு மேலே கலர் கண்ணாடி. ஆம்பிளைகள் ஒரு வாசல் வழியாகப் போவார்கள், பொம்பளைகளுக்குப் பக்கவாட்டில் ஒரு வாசல். நான் எதில் போவது என்று நிற்கும்போதே பக்கவாட்டு வாசலில் ஒரு அம்மா வந்து, "வாங்கக்கா, வெயில்ல நிக்கிறீங்களே" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். ஏரோபிளேன் பாயின் சம்சாரம், ஹமீதா. ஊர் எது, என்ன ஏது என்று கேட்கும் முன்னால் தட்டில் இடியாப்பம் விழுந்துவிட்டது. மேலே கோழி ஆணம். எங்கள் பக்கம் குழம்பு என்பதை அவர்கள் ஆணம் என்கிறார்கள். தேங்காய்ப்பால் விட்டு, சோம்பு தூக்கலாக இருந்தது. நான் சாப்பிட்டு முடித்த பிறகுதான் என்ன காரியம் என்று கேட்டார்.

பாய் முன்கட்டில் சாய்வு நாற்காலியில் இருந்தார். பெயர் ஜெய்னுலாப்தீன். மலேசியாவில் விமானம் ஓட்டப் பழக்குகிற ஒரு கிளப்பில் இருபத்தைந்து வருஷம் மெக்கானிக்காக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். நான் அடுக்களைப் பக்கம் கோரைப்பாயில் உட்கார்ந்திருந்தேன். நடுவே ஒரு கதவு, அதில் ஒரு திரை. வேற்று ஆம்பிளையிடம் எனக்குப் பேச்சு வராது, அவருக்கும் வேற்றுப் பொம்பளையிடம் வரவில்லை. ஹமீதாம்மா திரையைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றார்.

"எந்த ஆயிலு ஊத்துனாங்கன்னு கேளு" என்றார் அவர், எனக்கு நன்றாகக் கேட்கிற மாதிரி.

"எந்த ஆயிலு ஊத்துனீங்கன்னு கேக்குறாக."

நான் மெதுவாகச் சொன்னேன். ஹமீதாம்மா அதைத் திருப்பிச் சொன்னார். அந்தப் பக்கம் நாற்காலி கிரீச்சிட்டது. பஸ் ஆயிலா என்று ஒரு பெருமூச்சு வந்தது. காலுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். அதையும் சொன்னேன், அதுவும் திரை வழியாகப் போனது. இப்படியே பத்துக் கேள்வி. கடைசியில் ஹமீதாம்மா, "நான் என்ன போஸ்ட்மேனா? ரெண்டு பேரு காதுலயும் விழுவுதுல்ல" என்று திரையை ஆணியில் மாட்டிவிட்டு மாவு பிசையப் போய்விட்டார்.

அப்புறமும் நாங்கள் நேராகப் பார்த்துக்கொள்ளவில்லை. அவர் தெருவைப் பார்த்துப் பேசினார். நான் தரையைப் பார்த்துப் பதில் சொன்னேன்.

இரும்பு டிரங்குப் பெட்டி ஒன்று வெளியே வந்து, எங்களுக்கு நடுவே கதவு நிலையில் இறங்கியது. திறந்ததும் மல்லிகைப்பூ முகப்பவுடர் வாசம். உள்ளே நாலு ரப்பர் வளையம், நாலும் வெள்ளையாகப் பவுடர் அப்பி, தொட்டால் புதுசு மாதிரி மெத்தென்று இருந்தன. கொண்டுவந்த கிழிசலை ஒன்றின்மேல் வைத்தேன். இம்மி பிசகாமல் பொருந்தியது.

பாய் எடுக்கச் சொல்லவில்லை. ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு அடுக்களைப் பக்கம் குரல் கொடுத்தார்.

"இதுல அடையாளம் இருந்துச்சே, எங்க?"

"என்ன அடையாளம்?"

"ரெண்டுல சேப்புக் கோடு, ரெண்டுல நீலக் கோடு. சைடுல."

ஹமீதாம்மா மாவுக் கையோடு வந்து நின்றார். நோன்புக்கு முன்னால் வருஷா வருஷம் வீடு கழுவும்போது பெட்டிச் சாமானையும் எடுத்துச் சோப்புப் போட்டுக் கழுவி, நிழலில் உலர்த்தி, பவுடர் போட்டு வைப்பாராம். ரப்பர் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கப் பவுடர் போட்டு வைக்கச் சொன்னது பாய்தான். கழுவச் சொன்னது யாருமில்லை. "கறையா இருந்துச்சு. தேங்காய் நார் வச்சுத் தேச்சேன், போயிருச்சு" என்றார்.

"இத்தன வருசம் ரப்பர் பொழச்சுக் கெடந்ததும் இவளாலதான். எது எதுன்னு தெரியாமப் போனதும் இவளாலதான்" என்று பாய் தெருவைப் பார்த்துச் சொன்னார். ரெண்டு வளையம் சிவப்பு ஆயிலுக்கு, ரெண்டு வேறு ஆயிலுக்கு. மாற்றிப் போட்டால் கொஞ்ச நாளில் அதே கிழிசல்தான். பெட்டியை மூடினார்.

"மன்னிச்சுக்கங்க. தெரியாம ஒண்ணக் கொடுத்து, இன்னொரு காலும் ஒடிஞ்சா அந்தப் பாவம் எனக்கு வேணாம்."

கூடையில் கிடந்த பாட்டில் ஞாபகம் வந்தது. அதோடு தூண்மேல் ஏற்றிய விமானமும் கண்முன்னே வந்தது. வாசலில் வருகிறவர்கள் போகிறவர்கள் கைகாட்டிப் போட்டோ எடுக்க, நொண்டிக்கொண்டு அதன் கீழே தினமும் நடந்து வேலைக்குப் போகிற தமிழரசி. நான் எழுந்து கதவைத் தாண்டி முன்கட்டுக்கே போய்விட்டேன்.

"நான் ஊறப்போட்டுப் பிரிச்சுக்கறேன் அண்ணே. அனுமதி மட்டும் கொடுங்க."

அவர் அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

ஹமீதாம்மாவிடம் தையல் நூல் கேட்டேன். வளையத்துக்கு ஒன்றாக நூல் கட்டினேன். முதலாவதில் ஒரு முடிச்சு, அடுத்ததில் ரெண்டு, மூணு, நாலு. ஒவ்வொரு வளையத்தின் ஓரத்திலும் நெல்மணி அளவுக்கு ஒரு துண்டு நறுக்கிக்கொள்ளலாம், ஓரம் போனால் பிரேக்குக்குக் கெடுதல் இல்லை என்று பாய் இடம் காட்டினார். முருகையன் ரப்பர் அப்பட்டமாக உப்பிவிட்டது. இது அப்படி இல்லாமல் இலேசாக உப்பினால் என் கண்ணுக்குத் தெரியுமா என்று சந்தேகம். அதனால் ஒவ்வொரு துண்டின் இடுப்பிலும் நூலைச் சுற்றி, இறுக்காமல், அசைகிற அளவுக்கு முடிச்சுப் போட்டேன். உப்பினால் வீங்கின விரலில் மோதிரம் மாதிரி நூல் பதிந்துவிடும். உப்பாவிட்டால் நூல் அப்படியே நகரும்.

தனித்தனியாகப் போட நாலு பாத்திரம் வேண்டும். ஹமீதாம்மா அலமாரியில் காலி அத்தர் குப்பிகளாக வைத்திருந்தார். பிள்ளைகள் சபரிலிருந்து வரும்போதெல்லாம் வாங்கி வந்ததாம். சபர் என்றால் வெளிநாட்டு வேலை. நாலு குப்பியைச் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் வைத்துக் காய்ந்த பிறகு, இருமல் பாட்டில் ஆயிலைப் பிரித்து ஊற்றினேன். குப்பிக்கும் அதே முடிச்சு.

"இது எங்க படிச்சீங்க?" என்று பாய் கேட்டார். அஞ்சாங் கிளாஸ் வரை படித்த பள்ளிக்கூடத்தில் இது இல்லை என்றேன். அவர் சிரித்தார்.

இனிமேல் எங்கே போவது என்று ஹமீதாம்மா அங்கேயே தங்க வைத்துவிட்டார். எங்கள் பேச்சு பிள்ளைகளைப் பற்றிப் போனது. அவருக்கு மூணு பேரும் வெளிநாட்டில். எனக்கு ஒருத்திதான், உள்ளூரிலேயே, விமானத்தோடு. "அப்ப உங்களுக்குத்தான் நிம்மதி. அது பறக்காதுல்ல" என்றார்.

வியாழக்கிழமை மத்தியானம் குப்பிகளைத் திறந்தோம். தட்டில் வெள்ளைத் துணி விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். ஒரு முடிச்சில் நூல் ரப்பருக்குள் வெட்டி இறங்கியிருந்தது. மூணு முடிச்சும் அப்படியே. ரெண்டு முடிச்சை ஊசியால் தள்ளினேன், நூல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய் வந்தது. நாலு முடிச்சும் போய் வந்தது.

பாய் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். கட்டை விரலால் தடவினார். ஊசியை வாங்கித் தானும் தள்ளிப் பார்த்தார். "இன்னொரு நா ஊறட்டும்" என்றார்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமைண்ணே."

"அவசரத்துக்குக் கொடுக்குற சாமானா இது?"

"அவசரத்துக்குக் கேக்கல. பதருன்னா போட்டவொடனே மெதந்துரும். ஒரு நா ஊறியும் இந்த நூலு அசையுது. நல்ல விதை எதுன்னு எனக்குத் தெரியும்ணே. இது ரெண்டும்தான்."

இவ்வளவு நீளமாக ஒரு ஆம்பிளை முகத்தைப் பார்த்து நான் பேசியதே இல்லை. ஹமீதாம்மா அடுக்களையில் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிட்டிருந்தார்.

பாய் ரெண்டையும் எடுத்துப் பவுடரைத் தட்டாமல் என் கையில் கொடுத்தார். "கழுவாதீங்க" என்றார், அடுக்களைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு. "நின்னாச் சொல்லுங்க. நிக்காட்டியும் சொல்லுங்க."

வளையங்கள் நசுங்காமல் இருக்க ஹமீதாம்மா ஒரு தகர டப்பாவில் துணி சுற்றி வைத்தார். தமிழரசிக்கு என்று தம்ரூட் தனியாகக் கட்டிக் கொடுத்தார். ரவையும் நெய்யும் முட்டையும் சேர்த்துச் சுட்ட இனிப்பு அது. தஞ்சாவூர் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண் மோந்து பார்த்து, "பச்சப் புள்ளயப் பாக்கப் போறீங்களா? பவுடர் வாசம் அடிக்குது" என்றாள். "ஆமாம்மா. ரெட்டப் புள்ள" என்றேன். எனக்குப் பொய் இவ்வளவு சரளமாக வரும் என்று அந்தப் பயணத்தில்தான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் தமிழரசி ஷெட் தரையில் சாக்கு விரித்துப் படுத்துக்கொண்டாள். கட்டுப்போட்ட கால் ஒரு பக்கம் கட்டை மாதிரிக் கிடந்தது. பழைய ஆயில் முழுவதையும் வழித்து எடுத்திருந்தார்கள். ராஜாக்கண்ணு சிவப்பு ஆயில் டின்னை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார், கோயிலில் தீர்த்தச் சொம்பு பிடிக்கிற மாதிரி. வளையங்களை மாட்டிய பிறகு குழாயில் இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு மேலே உட்கார்ந்து ஒருவர் மிதிக்க வேண்டும். மிதி ரெண்டும் இடது பக்க இருக்கைக்கு மட்டும்தான், அதுவும் குதிகாலால் அமுக்குவது. புடவையைச் செருகிக்கொண்டு நான் ஏறினேன்.

"அமுக்கும்மா."

அமுக்கினேன். சேற்றில் கால் வைப்பது போல இருந்தது.

"விடு. அமுக்கு. அப்படியே பிடி."

எத்தனை தடவை என்று எண்ணவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சேறு இறுகி வரப்பு ஆனது. குதிகால் ஒரு இடத்தில் போய் முட்டி நின்றது. "வந்துருச்சுடி" என்றேன். எனக்குத் தெரிந்த பிறகுதான் கீழே அவளுக்குத் தெரிந்தது.

மூணு மணிக்கு அந்தப் பெரியவர் வந்தார். ஒல்லியாக, தொப்பி போட்டு, எழுபது வயசுக்கு மேலே இருக்கும். அந்தக் காலத்தில் விமானம் ஓட்டியவராம். மைதானத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டிருந்தார்கள். அதைத் தாண்டாமல் நிற்க வேண்டும். கோட்டுக்கு அப்பால் காம்பவுண்ட் சுவர். காலேஜே கூடி நின்றது.

பெரியவர் சக்கரத்தை உதைத்துப் பார்த்தார், குனிந்து மோந்து பார்த்தார். பவுடர் வாசம் இன்னும் இருந்திருக்கும். இடது பக்கம் ஏறி உட்கார்ந்து, மிதித்துப் பார்த்துவிட்டு, இங்கிலீஷில் ஏதோ சொன்னார். தமிழரசி முகம் மாறியது.

"ரெண்டு பேரு பாரத்தோட நிறுத்திக் காட்டினாத்தான் கணக்காம். பக்கத்துல யாராவது உக்காரணும். பிரேக்கை நம்புற ஆளா வரச்சொல்றாரு."

யாரும் அசையவில்லை. எல்லார் கண்ணும் அவள் கட்டுக்காலில் இருந்தது. தமிழரசி ஊன்றுகோலை எடுத்தாள். அந்தக் காலோடு ஏற முடியாது என்று அவளுக்கே தெரியும். ராஜாக்கண்ணு ஒரு அடி வைத்துவிட்டு நின்றார். தான் ஏறினால் ராசியில்லை என்று நினைத்தாரோ என்னவோ.

அத்தனை பேர் பார்க்க நடப்பதுதான் எனக்குச் சிரமமாக இருந்தது. விமானத்தில் ஏறுவது சிரமமாக இல்லை. அதில் காலையிலேயே ஏறி இறங்கியாகிவிட்டதே.

இன்ஜின் சத்தத்தில் உடம்பெல்லாம் அதிர்ந்தது. புல் பின்னால் ஓடியது. மைதானம் இவ்வளவு சின்னது என்று நடக்கும்போது தெரியவில்லை. கோடு வந்தது, சுவர் வந்தது. பெரியவர் அவசரமே படவில்லை. அப்புறம் அவர் முழங்கால் இறங்கியது. சக்கரம் ரெண்டும் ஒரே மாதிரிப் பிடித்தன, ஒரு பக்கமும் இழுக்கவில்லை. விமானம் தலையைக் கொஞ்சம் குனிந்து நின்றது. எட்டிப் பார்த்தேன். சுண்ணாம்புக் கோடு முன்னால்தான் கிடந்தது, முழுசாக, மிதிபடாமல்.

இன்ஜினை அணைத்துவிட்டு அவர் என் காலைக் காட்டி ஏதோ சொல்லிச் சிரித்தார். குனிந்து பார்த்தேன். என் ரெண்டு குதிகாலும் வெறும் பலகையில் முழு பலத்தோடு ஊன்றியிருந்தன. என் பக்கம் மிதி இல்லை என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும்தான் மிதித்திருக்கிறேன்.

தமிழரசி ஊன்றுகோலோடு வந்து சேரும் வரைக்கும் பெரியவர் இறங்காமல் காத்திருந்தார். அவளிடம் கை கொடுத்தார். தூண் கட்ட வேண்டாம், சக்கரத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று நிர்வாகத்தாரிடம் சொன்னதாக அவள் எனக்குச் சொன்னாள். சொல்லும்போதே அழுதாள். தம்ரூட் ஒரு துண்டு எடுத்து அவள் வாயில் வைத்தேன்.

அங்கிருந்தே கூத்தாநல்லூருக்குப் போன் போட்டேன். ஹமீதாம்மா எடுத்து, என் குரலைக் கேட்டதும், எனக்கு வேண்டாம் நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்று போனைப் பாயிடம் கொடுத்துவிட்டார்.

"நின்னுருச்சுண்ணே" என்றேன்.

அந்தப் பக்கம் சாய்வு நாற்காலி கிரீச்சிட்டது.

"யாரு மிதிச்சது?"

"ரெண்டு பேரும்தாண்ணே."